பூட்டிய கதவுக்குள் சகோதரத்துவம்

(வில்லியனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பிரீமேசன் சங்கம் என்பதாகும். வில்லியனூர்க் கடைத்தெருவில் இந்த விஷயத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் சொல்லுகிறேன். பாகூர்ப் பக்கத்துத் தோழர்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒருவர், "ஜாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, எல்லாரும் சகோதரர்கள் என்று சொல்லும் ஒரு சங்கம் பட்டணத்தில் இருக்கிறதாமே, நம்மைப் போன்றவர்களுக்கு அதுதானே ஏற்ற இடம்?" என்று கேட்டார். இன்னொருவர், "அதெல்லாம் பேயைக் கும்பிடும் கூட்டம், உலகத்தையே ரகசியமாக ஆட்டி வைப்பவர்கள் அவர்கள்தான்" என்று அடித்துச் சொன்னார். முதல் தோழர் ஆசையால் பேசுகிறார். இரண்டாவது தோழர் பயத்தால் பேசுகிறார். ஆசையாலும் பயத்தாலும் ஒன்றை நம்புவதற்குத்தானே மூடநம்பிக்கை என்று பெயர்?

ஆதலால் இந்த ஸ்தாபனம் எப்படி உண்டாயிற்று, நம் நாட்டுக்கு எப்படி வந்தது, எப்படிக் கிளைவிட்டது, யாரை உள்ளே விட்டது, யாரை வாசலில் நிறுத்தியது என்பதைச் சரித்திரப்படி சொல்லுகிறேன். கேட்டுவிட்டு உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ அந்தப்படி முடிவு செய்யுங்கள். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்ப வேண்டாம்.

கொத்தனார் சங்கம் கனவான் சங்கமான கதை

தோழர்களே! மேசன் என்றால் கொத்தனார் என்று அர்த்தம். முன்காலத்தில் ஐரோப்பாவில் பெரிய மாதா கோவில்களையும் கோட்டைகளையும் கட்டிய கல் வேலைக்காரர்கள் தங்களுக்குள் சங்கம் வைத்திருந்தார்கள். வேலை நடக்கும் இடத்தில் அவர்கள் கூடித் தங்கும் கொட்டகைக்கு லாட்ஜ் என்று பெயர். லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அறை வாடகைக்கு விடுகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில், ஒருவன் உண்மையாகவே வேலை கற்றவன்தானா என்று தெரிந்துகொள்ள, அவர்களுக்குள் ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொண்டார்கள். கூலி கெட்டுப் போகாமலிருக்க அது வேண்டியிருந்தது. உழைக்கிறவன் தன் வயிற்றுக்காக வைத்துக்கொண்ட ரகசியம் அது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கரணையைக் கையால் தொட்டறியாத கனவான்கள் அந்தச் சங்கத்தில் சேர ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் கொத்தனார்கள் போய்விட்டார்கள், கனவான்கள் மிஞ்சினார்கள். 1717-ம் வருஷம் ஜூன் மாதம் 24-ந் தேதி லண்டனில் ஒரு சாராயக் கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி கிராண்ட் லாட்ஜ் என்னும் தலைமைச் சங்கத்தை ஏற்படுத்தியதாக அவர்கள் கொண்டாடி வருகிறார்கள். 1723-ல் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த சட்டதிட்டங்கள் அச்சாயின. மூலைமட்டமும் கவராயமும் அவர்களுடைய சின்னம். இடுப்பில் கொத்தனார் கட்டும் ஏப்ரன். ஆனால் அது வேலைக்கு அல்ல, அலங்காரத்துக்கு! கற்றுக்குட்டி, கைதேர்ந்தவன், மேஸ்திரி என்று மூன்று படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு, ஒரு சத்தியம், ஒரு ரகசியக் குறி. கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே உருவிய வாளுடன் ஒருவர் காவல் நிற்பார். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் பெட்டியில் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போட்டு ஓட்டெடுப்பார்கள். கறுப்புக் குண்டு விழுந்தால் அவர் வெளியே! யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கேட்க முடியாது.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிரபுவும் வியாபாரியும், கத்தோலிக்கனும் புராட்டஸ்டண்டும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டது பெரிய காரியம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மதச் சண்டையில் மனிதனை மனிதன் உயிரோடு எரித்த நாட்டில் அது ஒரு முன்னேற்றமே. ஆனால் ஒன்று கேட்கிறேன். கொத்தனார் பெயரால் நடக்கும் அந்த மண்டபத்தைக் கட்டிய கொத்தனாரும், மண் சுமந்த சித்தாளும், கட்டி முடித்த மறுநாள் உள்ளே போய் சகோதரராக உட்கார முடிந்ததா? சந்தா கட்டவும் விருந்துக்குப் பணம் கொடுக்கவும் அவர்களால் ஆகுமா? கோவிலைக் கட்டியவன் கோவிலுக்கு வெளியே நின்ற கதை நமக்குப் புதிதா?

தலைவெட்டிக் கோவில்

நிற்க, இந்தச் சங்கம் நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தது. 1730-ஐ ஒட்டிக் கல்கத்தாவிலும், 1752-ல் சென்னையிலும், 1758-ல் பம்பாயிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரர்கள் லாட்ஜுகளை ஏற்படுத்தினார்கள். நம் புதுச்சேரியிலும் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் லாட்ஜ் வைத்திருந்தார்கள். கதவு சாத்தியிருக்கும், வாசலில் வாள் பிடித்த ஆள், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. பார்த்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வடநாட்டில் அதற்கு ஜாதூகர், அதாவது மந்திரவாத வீடு என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் தலைவெட்டிக் கோவில் என்றார்கள். மறைத்து வைக்கிற இடத்தில் கட்டுக்கதை முளைப்பது இயற்கைதானே!

சகோதரர்கள் என்றால் யார் சகோதரர்கள் என்னும் கேள்வி இங்கேதான் வந்தது. இந்தியனை உள்ளே விடுவதா, கூடாதா? 1770-களில் ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ச்சியடைந்து அவருக்கு அலங்கார ஏப்ரனும் சட்டப் புத்தகமும் அனுப்பி வைத்தது. சகோதர அன்பு என்று எண்ணிவிடாதீர்கள்! கம்பெனியாருக்கு நவாபு வீட்டில் கொடுக்கல் வாங்கல் இருந்த காலம் அது. ராஜா வீட்டுப் பிள்ளை வந்தால் கதவு தானாகத் திறந்தது.

சாதாரண மனிதர் வந்தபோது என்ன ஆயிற்று? பம்பாயில் மானெக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சி கனவான் சேர விரும்பியபோது அங்கிருந்த ஐரோப்பிய லாட்ஜில் இடம் கிடைக்கவில்லை. அவர் பாரிசுக்குப் போய் அங்கே சேர்ந்துகொண்டு திரும்பி வந்தார். அப்படியும் பம்பாயில் தொல்லை தீரவில்லை. கடைசியில் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் முயற்சியால் 1843-ல் இந்தியர்களுக்கென்றே ஒரு லாட்ஜ் ஏற்பட்டது. அப்போதுங்கூட வெள்ளைக்காரன் லாட்ஜின் கதவு திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் வேறு ஒரு கதவுதான் வைத்தார்கள்.

கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்னும் இந்து வியாபாரியின் கதை இன்னும் வேடிக்கையானது. 1863-ல் ஆரம்பித்த அவர் வழக்கு, லண்டன் வரை போய், 1872-ல்தான் தீர்ந்தது. ஆட்சேபணை என்ன தெரியுமா? இந்துவுக்குப் பல கடவுள்கள், அவன் எப்படி ஒரே கடவுள் பேரில் சத்தியம் செய்வான் என்பதுதான். ஒரு மனிதன் நாணயமானவனா என்று பார்க்க ஒன்பது வருஷம் தேவையில்லை. அவனுக்கு எத்தனை கடவுள் என்று எண்ணத்தான் ஒன்பது வருஷம் ஆயிற்று!

நம் புதுச்சேரியிலும் அதே காலத்தில் ஒரு வாசல் சண்டை நடந்தது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வக்கீல் ஐரோப்பியர் அணியும் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் விடவில்லை, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். பிறகு 1881-ல் ஒரு ஆணை வந்தது. தன் ஜாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர் அதிகாரி முன்னிலையில் பகிரங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. ஒடுக்கப்பட்டவர்களில் பலர் அந்த வழியை நாடினார்கள். தத்தருடைய வழக்கையும் பொன்னுத்தம்பியாருடைய வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தத்தர் ஜெயித்ததனால் பூட்டிய அறைக்குள் போகச் சில கனவான்களுக்கு வழி கிடைத்தது. பொன்னுத்தம்பியார் கிளப்பிய சண்டையோ பொதுச் சட்டத்தைப் பற்றியது. எது ஊருக்குப் பயன்பட்டது?

1877: பாரிசில் ஒன்று, வில்லியனூரில் ஒன்று

இனி கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷ் சங்கத்தில் சேருகிறவன் ஒரு கடவுளை நம்பியே ஆகவேண்டும். அந்தக் கடவுளை உலகத்தைக் கட்டிய மகா சிற்பி என்பார்கள். பிரான்சு தேசத்தில் கிராண்ட் ஓரியண்ட் என்னும் தலைமைச் சங்கம் 1877-ல், கடவுளையும் ஆத்மாவின் அழியாமையையும் நம்புவது உறுப்பினருக்குக் கட்டாயமில்லை என்று தீர்மானித்தது. இதற்கு முன்னின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? தெமோன் என்னும் ஒரு பாதிரியார்! மனசாட்சி சுதந்திரம் என்றால் நம்பாதவனுக்கும் சேர்த்துத்தான் என்று அவர் வாதித்தார். உடனே இங்கிலீஷ்காரர்கள் அவர்களோடு உறவை அறுத்துக்கொண்டார்கள். சகோதரத்துவம் கடவுளைத் தாண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

அதே 1877-ல் நம் வில்லியனூரில் என்ன நடந்தது? பிரான்சிலிருந்து லூர்து மாதா சொரூபம் கப்பலில் வந்து இங்கே ஸ்தாபிக்கப்பட்டது. பாரிசில் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்ற வருஷத்தில் இங்கே இறக்குமதியாயிற்று! அதோடு போயிற்றா? நம் திருக்காமீஸ்வரர் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி 1954-ல் போயும் வழக்கம் போகவில்லை. இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். குடியரசின் சமத்துவம் பாரிஸ் மண்டபத்தில் ஒரு விதமாகவும் வில்லியனூர்த் தேரடியில் வேறு விதமாகவும் இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆனாலும் அவர்கள் செய்த நன்மையை மறைப்பது நாணயமாகாது. 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்க முன்னின்ற ஷெல்ஷேர் ஒரு பிரீமேசன். 1881, 1882 வருஷங்களில் இலவசமான, கட்டாயமான, மதச்சார்பற்ற பள்ளிக்கூடத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்த மந்திரி ஜூல் ஃபெரியும் 1875-ல் அச்சங்கத்தில் சேர்ந்தவர்தான். இவற்றையெல்லாம் நாம் பாராட்டவேண்டும். ஆனால் அதே ஃபெரி 1885-ல் பார்லிமெண்டில் எழுந்து, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களின் மேல் உரிமை உண்டு என்று பேசினார். பாதிரி பிள்ளைகளை ஆளக்கூடாது என்று சொன்ன வாயே, வெள்ளையன் கறுப்பனை ஆளலாம் என்றும் சொல்லிற்று. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. கடவுளைத் தள்ளிவிட்டால் மட்டும் உயர்வு தாழ்வு போய்விடாது. அதைத் தனியாகப் பிடுங்கி எறியவேண்டும்.

பெண்களுக்கு இடமெங்கே?

இவ்வளவு நேரம் நான் சொன்ன சகோதரத்துவத்தில் ஒரு சகோதரிகூட வரவில்லை என்பதைத் தாய்மார்கள் கவனித்திருப்பீர்கள். ஆண்டர்சன் சட்டமே பெண்களைச் சேர்க்கக் கூடாதென்றது. அடிமைக்கும் அதில் இடமில்லை. அடிமையையும் பெண்ணையும் ஒரே வரிசையில் வைப்பதில் மனுவும் மேல்நாட்டானும் ஒத்துப்போவதைப் பாருங்கள்!

மரியா தெரேம் என்னும் பிரெஞ்சு அம்மையார் பெண்ணுரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்தவர். 1882-ல் பாரிசுக்கு அருகே லெ பெக் என்னும் ஊரிலுள்ள ஒரு லாட்ஜ் துணிந்து அவரைச் சேர்த்துக்கொண்டது. பெரிய சங்கங்கள் கோபித்துக்கொண்டன. 1893-ல் அந்த அம்மையாரும் ழார்ஜ் மார்த்தேன் என்னும் வைத்தியரும் சேர்ந்து, ஆணும் பெண்ணும் சமமாக உட்காரும் புதுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்கு மனித உரிமை என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தச் சங்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அன்னி பெசண்ட் அம்மையார். அவர் 1902-ல் பாரிசில் அதில் சேர்ந்தார். அவர் முயற்சியால் காசியிலும், பிறகு சென்னை அடையாற்றிலும் கிளைகள் ஏற்பட்டன. பெண் உள்ளே வந்தாள் என்பது நல்லதே. ஆனால் பெசண்ட் அம்மையார் தம் கிளைகளில், கட்டாயமில்லையென்று பிரெஞ்சுக்காரர் விட்டிருந்த மகா சிற்பியை மறுபடியும் கொண்டுவந்து உட்கார வைத்தார். வாலிபத்தில் நாத்திகப் பிரசாரம் செய்து பேர்பெற்ற அம்மையார், பெண்ணுக்கு ஒரு கதவைத் திறந்த கையாலேயே நாத்திகனுக்கு ஒரு கதவைச் சாத்தினார்!

பேய்க் கதை

இப்போது பேயைப் பற்றிப் பேசுவோம். 1738-ல் போப்பாண்டவர் பிரீமேசன்களைக் கண்டித்தார். 1884-ல் 13-ம் லியோ என்னும் போப்பாண்டவர் இன்னும் கடுமையாகக் கண்டித்தார். லியோ தாக்ஸில் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இதுதான் சமயமென்று, பிரீமேசன்கள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள், சாத்தானே நேரில் வருகிறான் என்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். பக்தர்கள் வாங்கி வாங்கிப் படித்தார்கள். போப்பாண்டவரே அவருக்குப் பேட்டி கொடுத்தார். 1897-ல் பாரிசில் ஒரு பெரிய கூட்டம் கூட்டி, இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் பொய், பக்தர்கள் எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்று பார்த்தேன் என்று தாக்ஸில் சொல்லிவிட்டார். சொன்னவனே பொய் என்று ஒப்புக்கொண்ட கதையை இன்றும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்றால் அவர்களை என்னவென்பது?

உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்பதும் இந்த வகைதான். அந்தக் கதையைச் சொல்லித்தான் ஹிட்லர் அவர்களை வேட்டையாடினான். ஜெர்மனிக்குப் பணிந்த பிரெஞ்சு சர்க்காரும் 1940 ஆகஸ்டில் ரகசியச் சங்கங்களைத் தடைசெய்தது. ஆகவே பிரீமேசன்களை நாம் கேள்வி கேட்பது வேறு, பேய்க்கதை கட்டுவது வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒருவன் நம்மை ஆட்டுகிறான் என்று நம்புகிறவன், கண்ணுக்கு முன்னால் தன்னை ஏய்ப்பவனைப் பார்க்கமாட்டான்.

தென்னாட்டுக் கிளை

சென்னையில் 1786-ல் ஏற்பட்ட ஒரு லாட்ஜ் நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. எழும்பூரில் 1925-ல் பெரிய மண்டபம் எழுந்தது. வெள்ளைக்காரர் போன பிறகு, 1961 நவம்பர் 24-ந் தேதி டில்லியில் இந்தியக் கிராண்ட் லாட்ஜ் என்னும் சுதந்திரத் தலைமைச் சங்கம் ஏற்பட்டது. அதற்கு முதல் தலைவர் ராம்பூர் நவாபு! ஆரம்பத்தில் ஆர்க்காட்டு நவாபு வீடு. முடிவில் ராம்பூர் நவாபு வீடு. இங்கிலீஷ், ஸ்காட்டிஷ், ஐரிஷ் சங்கங்களின் கீழிருந்த லாட்ஜுகளில் பல இதில் சேர்ந்தன. சில பழைய எஜமானர்களோடேயே இருந்துவிட்டன. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு வட்டாரமாகப் பிரித்தார்கள். தென்னிந்திய வட்டாரத்துக்குச் சென்னை தலைமையிடம். அவர்கள் கல்விக்கும் வைத்தியத்துக்கும் தர்மம் செய்கிறார்கள் என்பது உண்மை.

தலைமை இந்தியர் கைக்கு வந்ததே, சட்டம் மாறிற்றா? இந்தியக் கிராண்ட் லாட்ஜின் முத்திரையில் கீதை, குரான், பைபிள், கிரந்த சாகிப், ஜெந்த் அவெஸ்தா என ஐந்து மத நூல்கள் இருக்கின்றன. தத்தரை ஒன்பது வருஷம் நிறுத்தி வைத்த சங்கத்துக்கு இது முன்னேற்றந்தான். ஆனால் ஐந்தையும் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றிலும் எனக்கு நம்பிக்கையில்லை என்பவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. பெண்ணுக்கும் கிடையாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே! இந்த இருநூற்றுச் சொச்சம் வருஷக் கதையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கதவு தானாகத் திறந்தது பணக்காரனுக்கு மட்டுமே. பார்சிக்கும், இந்துவுக்கும், பெண்ணுக்கும், நாத்திகனுக்கும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வாசலில் நின்று தட்டித் தட்டித்தான் திறக்கவேண்டியிருந்தது. திறந்த பிறகும் கதவு கதவாகவே இருந்தது. அடுத்தவன் வந்தபோது அவன் முகத்தில் சாத்தத் தயாராகவே இருந்தது.

பூட்டிய அறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. பாகூர்ச் செப்பேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் உயர்ந்த வேத சாஸ்திரப் பள்ளிக்கு மூன்று கிராமங்களின் வருமானம் எழுதி வைக்கப்பட்டது. பாகூரில் அக்காலத்திலேயே கல்லூரி என்று நாம் பெருமையடிக்கிறோம். அந்த மூன்று கிராமத்தில் உழுதவன் நெல் கொடுத்தான். உழுதவன் மகனுக்கு அந்தப் பள்ளியில் பலகை போட்டார்களா? அங்கே வாள் பிடித்த காவலாளி வேண்டியிருக்கவில்லை. பிறப்பே காவலாளியாக நின்றது.

ஆகவே சமத்துவத்தை நான்கு சுவருக்குள் வைத்து மாதம் ஒருமுறை அனுபவிப்பதால் ஊருக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை. உள்ளே ஒருவனைச் சகோதரா என்று கட்டிப்பிடித்துவிட்டு, வெளியே வந்து அவனவன் ஜாதியில் பெண் தேடினால், அந்தச் சகோதரத்துவம் ஏப்ரனோடு கழற்றி மாட்டப்பட்டது என்றுதானே அர்த்தம்? ரகசியக் குறி காட்டிக் கை குலுக்குவது சுலபம். பட்டப்பகலில் ஊர்த் தெருவுக்கும் சேரித் தெருவுக்கும் ஒரே குழாய், ஒரே சுடுகாடு, ஒரே பந்தி என்று செய்வதுதான் கஷ்டம். அதற்கு அடையாளச் சொல் வேண்டாம், கறுப்புக் குண்டும் வேண்டாம். நாலு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிடும் தைரியம் வேண்டும்.

வாலிபத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். எந்தச் சங்கமானாலும், அதன் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், சேருவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். உன் கூட்டத்துக்கு என் தாய் வரலாமா? சித்தாள் வரலாமா? கடவுளை நம்பாதவன் வரலாமா? உள்ளே பேசியதை வெளியே வந்து சொல்லலாமா? இந்த நான்குக்கும் ஆம் என்று சொன்னால் தாராளமாகச் சேருங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஏன் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை நம் சொந்தச் சங்கங்களிடமும் கேட்கத் தயங்கவேண்டாம். ஊர்ப் படிப்பகத்தில் பெண்கள் வந்து உட்கார இடமிருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் கதவு இல்லை. வாசலில் காவலும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவரும் கேட்டார், எதிர்க்கடைக்காரரும் கேட்டார், பிடிக்காதவர் எழுந்து போனார். இப்படித்தான் இருக்கவேண்டும். என் அபிப்பிராயத்தை மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் இந்த மேடைக்கே வந்து பேசலாம்.